மூன்று முறை கூப்பிட்டோம், ஆள் இல்லை

கேஷுவாலிட்டி ரிஜிஸ்டரில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கும். வந்தவர் வார்டுக்குப் போனாரா, வீட்டுக்கு அனுப்பினோமா, வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தோமா என்று நிரப்புகிற இடம் அது. அதில் அடிக்கடி ஒரு வரி விழும்: "மூன்று முறை கூப்பிட்டோம், ஆள் இல்லை."

வேலூர் பக்கத்தில் பல வருடம் நர்ஸாக நைட் டூட்டி பார்த்தவள் நான். காலையில் அடுத்த ஷிப்டுக்குச் சார்ஜ் கொடுப்பதற்கு முன்னால் இந்த வரிகளை எண்ணிப் பார்ப்பேன். சில நாள் ஒன்றிரண்டு இருக்கும், சில நாள் விரல் விட்டு எண்ண முடியாது. உதவி கேட்டு ராத்திரியில் வாசல் வரை வந்த ஒரு மனிதர், டாக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறார் என்பதுதான் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம். அவர் ஏன் போனார், போனதால் என்ன ஆகும், வாசலிலேயே டாக்டரும் நர்ஸும் ஒரு குழுவாக நின்று நோயாளியைப் பார்த்தால் இது எப்படிக் குறையும் என்பதை, மருத்துவம் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், யாரையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கிறோம் என்பது. சீட்டுப் போட்டதும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறவர் ஒருவர். சிஸ்டர் நாடி, பிரஷர் எல்லாம் பார்த்து "உட்காருங்க, கூப்பிடுவோம்" என்று சொன்ன பிறகு, டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போகிறவர் இன்னொருவர். டாக்டர் பார்த்து, ரத்தமும் எடுத்து, ரிசல்ட் வருவதற்குள் போய்விடுகிறவர்களும் உண்டு. "என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் வேறு கணக்கு. அவரிடம் உட்கார்ந்து பேசவும், என்ன ஆபத்து என்று விளக்கவும் நமக்கு ஒரு வாய்ப்பாவது கிடைத்தது. முதல் இரண்டு பேரிடம் அதுவும் இல்லை. எல்.டபிள்யூ.பி.எஸ். என்று இதற்கு மருத்துவ உலகில் ஒரு சுருக்கப் பெயர் உண்டு. பார்க்கப்படாமலே போனவர் என்று அர்த்தம். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள், வருகிற நூறு பேரில் இரண்டு பேருக்கு மேல் இப்படிப் போனால் அதை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்கின்றன.

"ஜனங்களுக்குப் பொறுமை இல்லை" என்று எங்கள் ஆட்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒடுகத்தூரைத் தாண்டி மலை அடிவாரத்திலிருந்து வந்தவருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம். அதைவிட்டால் ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அம்மாவுக்கு நாளைய கணக்கு ஒப்படைக்க வேண்டும். சுகர்காரர் மத்தியானமே மாத்திரை போட்டுவிட்டு வந்திருப்பார், பசி மயக்கம் வந்ததும் ஏதாவது சாப்பிடலாம் என்று வெளியே போவார். கையில் இருக்கிற பணம் போதுமா என்ற பயம் பலருக்கு. யாராவது பில் கட்டுகிறதைப் பார்த்தாலே எழுந்துவிடுவார்கள்.

ஆனால் போனவர்களைப் பிறகு எப்போதாவது பார்த்துக் கேட்டால், நேரத்தைப் பற்றிய குறை அவ்வளவாக வராது. "ரெண்டு மணி நேரம் ஒக்காந்துனு இருந்தேன், இன்னா ஏதுன்னு ஒருத்தரும் கேக்கல" என்பார்கள். அந்த இரண்டாவது பாதிதான் விஷயம். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும். ஒன்றுமே நடக்காத அரை மணி நேரம், ஏதாவது நடந்துகொண்டிருக்கிற ஒரு மணி நேரத்தைவிட நீளம். இதோடு, தனக்குப் பின்னால் வந்தவரை முன்னால் உள்ளே கூட்டிப்போகிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. "ஆளைப் பார்த்து விடுறாங்க" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். அதற்கு மேல் அவரை உட்கார வைக்க முடியாது.

வேலூருக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கிருந்தோ வைத்தியத்துக்காக இந்த ஊருக்கு வருகிறார்கள். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும் இருப்பதே அதனால்தான். அவர்களுடைய பெயரை நம் நாக்கு வளைகிற மாதிரி நாம் கூப்பிடுவோம். தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், ரிஜிஸ்டரில் "ஆள் இல்லை" என்று எழுதியிருப்போம். கொஞ்ச நேரம் கழித்து அவர் நிஜமாகவே எழுந்து போய்விடுவார்.

இந்த ஊரின் மருத்துவ வரலாறு தொடங்குவதே வாசலில் திரும்பிப் போனவர்களிடமிருந்துதான். 1890-களில் ஒரு ராத்திரி, திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மகள் ஐடா, தான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்றார். ஆண் டாக்டர் பார்ப்பதற்கு மூவருமே சம்மதிக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்த மூன்று பேரும் வாசல் வரை வந்துவிட்டார்கள். வாசலில் யார் நிற்கிறார் என்பதுதான் அங்கே முடிவு செய்தது. இன்றும் மாதவிடாய் ரத்தப்போக்கோடு வருகிற பெண், சீட்டுப் போடுகிற இடத்தில் ஆண்கள் நாலு பேர் நின்றால் வாயைத் திறக்க மாட்டாள். "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் போய்விடுவாள்.

சரி, போகிறவர்கள் எல்லாம் சின்ன உபாதைக்காரர்கள்தானே, போனால் என்ன என்று தோன்றலாம். பலர் அப்படித்தான். ஆனால் எல்லோரும் இல்லை, யார் அந்த "எல்லோரும் இல்லை" என்பது பார்க்காமல் தெரியாது. நம் ஊரில் நெஞ்சில் எதுவந்தாலும் முதலில் வாயு. ஒரு சோடா குடித்து, ஏப்பம் வந்து, கொஞ்சம் இதமாகத் தெரிந்தால் "சரியாப் போச்சு" என்று கிளம்பிவிடுவார். மாரடைப்பு வலி விட்டு விட்டு வரக்கூடியது. சுகர் வெகுநாளாக இருப்பவர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரும், வியர்வையும் மூச்சு வாங்குவதும் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் நெஞ்சுவலி என்று வந்தவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும் என்று உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். கட்டுவிரியன் கடி இன்னொன்று. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலி இருக்காது, பல் பட்ட இடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். கண் இமை சொக்குவதைப் பார்த்து, தூக்கக் கலக்கம் என்று பக்கத்தில் இருப்பவர் நினைப்பார். கொஞ்ச நேரத்தில் மூச்சு விடுகிற தசையே செயலிழந்துபோகும். வயிற்றுவலிக்காரர்தானே என்று ஓரமாக உட்கார வைத்து, அவரும் சலித்துப் போய் எழுந்து போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கேதான் ட்ரையாஜ் என்ற சொல் வருகிறது. பிரித்தெடுப்பது என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரே, காயம்பட்டவர்களில் அதிகாரி யார், சிப்பாய் யார் என்று பார்க்காமல், யாருக்குக் காயம் மோசமோ அவரை முதலில் எடுத்தார். யோசனை அவ்வளவுதான். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிற்சாலைகளில் தரம் பிரிக்கிறதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே நல்ல தோல் ஒரு பக்கம், சுமாரானது ஒரு பக்கம் என்று கை தானாகவே பிரித்துக்கொண்டு போகும். ஆஸ்பத்திரியில் அதையே தலைகீழாகச் செய்கிறோம், ரொம்ப மோசமாக இருப்பவர் முதலில் உள்ளே.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று டி.ஏ.இ.ஐ. என்ற திட்டம் இருக்கிறது. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். சிவப்பு என்றால் இப்போதே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம், ஆனால் கண் பார்வையில் இருக்க வேண்டும். பச்சை, நடந்து வந்து நடந்து போகக்கூடியவர். ஆஸ்திரேலியாவில் ஐந்து படி: உடனே, 10 நிமிடம், 30 நிமிடம், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு. அமெரிக்காவில் பரவலாக உள்ள முறையிலும் ஐந்து படி, ஆனால் அதை நான்கு கேள்விகளால் பிரிக்கிறார்கள். உயிரைக் காக்க இந்த நிமிடமே ஏதாவது செய்ய வேண்டுமா? இல்லையென்றால், காத்திருக்க வைக்கக் கூடாத ஆளா, அதாவது புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறாரா, தாங்க முடியாத வலியா? அதுவும் இல்லையென்றால், இவருக்கு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ட்ரிப்ஸ் என்று எத்தனை வகை வேலை தேவைப்படும்? பல வேலை தேவைப்படும் என்றால் கடைசியாக நாடி, மூச்சு, ஆக்சிஜன் மூன்றையும் பார்க்க வேண்டும். பெரியவருக்கு நாடி 100-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 20-க்கு மேல், ஆக்சிஜன் 92-க்குக் கீழே என்றால் ஒரு படி மேலே தூக்கலாமா என்று யோசிப்பார்கள். இதில் மூச்சை எண்ணுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முழு ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கூட்டத்தில் அதற்குக் கை வராது. எனக்கும் ஆரம்பத்தில் வரவில்லை. ஆனால் உடம்பு கெடப்போகிறது என்பதை முதலில் சொல்வது பெரும்பாலும் மூச்சுதான்.

ட்ரையாஜ் இருக்கிற இடத்திலும் ஜனங்கள் எழுந்து போகிறார்கள். ஏன்? பிரிப்பது மட்டும் வைத்தியம் ஆகாது. பச்சை, மஞ்சள் என்று பெயர் சூட்டி நாற்காலியில் உட்கார வைத்தால், அவர் பார்வையில் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமான போக்கைப் பாருங்கள். முதலில் சீட்டு. அப்புறம் சிஸ்டர். அப்புறம் காத்திருப்பு. அப்புறம் டாக்டர். அவர் ரத்தம் எழுதுவார், லேபுக்குப் போய் ஒரு வரிசை. எக்ஸ்ரேவுக்கு ஒரு வரிசை. ரிசல்ட்டுக்கு ஒரு காத்திருப்பு. மறுபடியும் அதே டாக்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையது முடிந்த பிறகுதான் தொடங்கும். நோயாளிக்கு நிஜமாக வேலை நடந்த நேரத்தைக் கூட்டினால் அரை மணி நேரம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் இடைவெளி.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போடுகிறவர், தண்ணீர் வைக்கிறவர், உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் என்று ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்துகொண்டே இருப்பார்கள். சாதம் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும், இலையில் ஏதாவது விழுந்துகொண்டிருக்கும். இலை போட்டு உப்பு வைத்த பிறகு எழுந்து போகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அதே பந்தியில் ஒரே ஆள் எல்லாவற்றையும் பரிமாறினால், கடைசி வரிசையில் இருப்பவர் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

குழுவாக ட்ரையாஜ் செய்வது என்பது இதுதான். வாசலிலேயே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், சீட்டுப் பதிகிற ஒருவர், ரத்தம் எடுக்க, இ.சி.ஜி. வைக்கத் தெரிந்த ஒரு டெக்னீசியன், தள்ளுவண்டிக்கு ஒரு பணியாளர் ஒன்றாக நிற்பார்கள். நோயாளி ஒருவரிடம் இருந்து ஒருவரிடம் போவதில்லை. அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க, இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைச் சுற்றி வேலை செய்வார்கள். கதை கேட்பது ஒரே ஒரு முறை. நர்ஸ் பிரஷர் பார்க்கும்போதே டாக்டர் கேட்கிறார், டாக்டர் கேட்கும்போதே பதிவு ஆள் பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொள்கிறார். கேட்டு முடிந்ததும் என்ன பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் அங்கேயே சொல்கிறார், டெக்னீசியன் அங்கேயே ரத்தம் எடுக்கிறார். வலிக்கு மாத்திரை அங்கேயே. மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம்.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். அணைக்கட்டு பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர், சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாம்பு கடித்தது என்று சொன்னால் எங்கேயும் உடனே உள்ளே எடுத்துவிடுவார்கள். இவரோ, "இன்னாவோ கால்ல சுருக்குன்னுது, முள்ளா பூச்சியான்னு தெரியல" என்கிறார். லேசான வீக்கம். நாடி, பிரஷர் சரியாக இருக்கிறது. பழைய முறையில் மஞ்சளோ பச்சையோ கொடுத்து உட்கார வைப்பார்கள். ஏழு ஐம்பதுக்கு டாக்டர் முறை வரும். எட்டு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டுபிடிக்க ரொம்ப எளிய ஒரு பரிசோதனை இருக்கிறது: 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். அப்புறம் சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்க வேண்டும். தண்ணீராகவே ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். ஆக, எட்டு இருபதுக்குத்தான் விடை. அதற்குள் ஏழேகாலுக்கே அவர் மச்சான் வந்து, "ஊர்ல மந்திரிக்கிறவர்கிட்ட போயிடலாம் வா" என்று கூட்டிப்போயிருக்கலாம்.

குழு வாசலில் நின்றால், ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு ரத்தம் குழாயில். ஏழு இருபத்தைந்துக்கு விடை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கையில் மிஞ்சுகிறது, விரியன் கடியில் ஒரு மணி நேரம் என்பது சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடிய நேரம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. "ஐயா, இது உங்க ரத்தம். இருபது நிமிஷத்துல உறையுதான்னு பாக்கணும், அதுவரைக்கும் எங்கேயும் போகாதீங்க" என்று குழாயைக் காட்டிச் சொல்லிவிட்டால், அவர் போகமாட்டார். மச்சானும் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். காத்திருப்புக்கு இப்போது ஒரு காரணமும் முடிவும் இருக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் மட்டும் ஆள் தப்பித்துவிட்டார் என்று அர்த்தமில்லை, திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.

இன்னொரு மாற்றமும் இதோடு சேர்ந்து வரும். நடக்கக்கூடியவருக்குக் கட்டில் தேவையில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்கு இருக்கிறவர் நாற்காலியிலேயே உட்காரலாம், கட்டில் படுக்க வேண்டியவருக்கு இருக்கட்டும். தையல் போட, கட்டுப் போட, ஊசி போட என்று வருகிற பச்சைக்காரர்களை ஒரு தனி அறையில் ஒரு டாக்டர் பார்த்து அனுப்பிவிடலாம். வாசல் டாக்டரே பார்த்து, மருந்து எழுதி, அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கும் உண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த ஒரு விதி. ஓர் இடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது, மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதோடு பெருக்கினால் வரும். மணிக்கு 20 பேர் வந்து, ஒவ்வொருவரும் 3 மணி நேரம் இருந்தால், எந்த நேரமும் உள்ளே 60 பேர். அதே 20 பேர் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தால் 50 பேர். ஒரு கட்டில்கூட வாங்காமல், ஒரு சுவர்கூட எழுப்பாமல் பத்துப் பேர் அளவுக்கு இடம் கிடைத்துவிட்டது. கூட்டம் குறைவாகத் தெரிந்தால், வாசலில் பார்த்தே திரும்பிப் போகிறவரும் குறைவார். டாக்டரை வாசலில் நிறுத்திப் பார்த்த பல நாட்டு ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன: டாக்டரைப் பார்க்க ஆகும் நேரம் குறைகிறது, பார்க்காமல் போகிறவர் குறைகிறார்கள்.

ஆனாலும் இதை ஒரு மந்திரம் மாதிரி யாராவது விற்றால் நம்பாதீர்கள். வாசலில் நிற்கிற டாக்டர் வானத்திலிருந்து குதிக்கப் போவதில்லை. உள்ளே இருக்கிறவரை எடுத்து வெளியே நிறுத்தினால், உள்ளே ஓர் ஆள் குறைவு. சிவப்பு நோயாளி இருவர் ஒன்றாக வந்தால் வாசல் காலியாகிவிடும். அதனால் ஆள் இருக்கிற, கூட்டம் வருகிற சில மணி நேரத்துக்கு மட்டும் இதைச் செய்வது நல்லது. எங்கள் அனுபவத்தில் ஓ.பி. மூடிய பிறகு, சாயங்காலம் தொடங்கி ராத்திரி பத்து, பதினொன்று வரைக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு நாலு பேர் நிற்கிற வாசலில் ஐந்து பேர் குழு எதற்கு? இன்னோர் ஆபத்து, அவசரத்தில் தேவையில்லாத பரிசோதனைகளை அள்ளி எழுதுவது. நோயாளிக்குச் செலவு, லேபுக்குச் சுமை, லேப் தாமதமானால் நாம் சேமித்த நேரமெல்லாம் அங்கே போய்விடும். கொஞ்சம் அனுபவமுள்ள டாக்டர் வாசலில் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். புதிதாக வந்தவர் பயத்தில் எல்லாவற்றையும் எழுதுவார், அனுபவசாலிக்கு எது வேண்டாம் என்று தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை வாசலில் இல்லை, மாடியில் இருக்கிறது. அட்மிஷன் எழுதியாயிற்று, வார்டில் பெட் காலி இல்லை. நோயாளி கேஷுவாலிட்டிக் கட்டிலிலேயே கிடக்கிறார், சில சமயம் மறுநாள் வரைக்கும். நம் ஊர் லாட்ஜ் மாதிரிதான். ரிசப்ஷனில் எவ்வளவு சுறுசுறுப்பான ஆளைப் போட்டாலும், காலையில் அறையைக் காலி செய்கிறவர் செய்யாவிட்டால் சாவி எங்கிருந்து வரும்? டிஸ்சார்ஜ் என்று காலை ரவுண்ட்ஸில் சொன்னவர், பில்லும் மருந்தும் சம்மரியும் முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புகிறார் என்றால், அந்த ஐந்து மணிதான் கீழே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைத் தாமதப்படுத்துகிறது. வார்டு டாக்டர்களும் நிர்வாகமும் சேராமல் கேஷுவாலிட்டி மட்டும் தனியாக இதைச் சரிசெய்ய முடியாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியிருக்கிறது.

தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு டூட்டி டாக்டரும் இரண்டு சிஸ்டரும்தான் இருப்பார்கள், அங்கே ஏது குழு என்று கேட்பீர்கள். நியாயம்தான். அங்கே குழு என்பது இரண்டு பேர். ஒரு சிஸ்டர் வாசலிலேயே இருந்து, எந்தப் புகாருக்கு என்ன செய்யலாம் என்று டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டு ஒட்டிய தாளைப் பார்த்து வேலையைத் தொடங்கலாம். நெஞ்சுவலி என்றால் டாக்டரைக் கேட்காமலே இ.சி.ஜி. எடுக்கலாம். எதுவென்று தெரியாத கடி என்றால் குழாயில் ரத்தம். மயக்கம் என்றால் விரலில் குத்திச் சுகர். காய்ச்சலோடு குழந்தை என்றால் எடை பார்த்து மருந்து. அதோடு இன்னொரு வேலை: அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்காலிகளைச் சுற்றி வருவது. "அம்மா, இப்ப எப்படி இருக்கு? இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, அப்புறம் நீங்க" என்று சொல்லிக்கொண்டே முகத்தைப் பார்ப்பது. அப்போது வெளுத்திருக்கிறவர், வியர்த்திருக்கிறவர், சாய்ந்து தூங்குகிறவர் கண்ணில் படுவார். அவர் நிறம் மாறியிருந்தால் நிறப் பட்டியும் மாறும். பெயரோடு டோக்கன் நம்பரையும் சேர்த்துக் கூப்பிட்டால், தமிழ் தெரியாதவரும் எழுந்து வருவார்.

நோயாளியாகவோ கூட வந்தவராகவோ வாசலுக்கு வருகிற உங்களுக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். சிஸ்டரிடம் எப்போது தொடங்கியது, இதற்கு முன் என்ன வியாதி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது. காத்திருக்கும்போது மூச்சு கூடினாலோ, வலி மாறினாலோ, பேச்சு குழறினாலோ முறை வரட்டும் என்று இருக்காமல் எழுந்து வந்து சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்க வேண்டாம், எங்களுக்கு அதுதான் வேண்டும். பணத்துக்குப் பயந்து போகாதீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதலில் உயிர்காக்கும் சிகிச்சை, போலீஸ் நடைமுறையெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது.

போயே ஆகவேண்டும் என்றால், கடைசி பஸ், வீட்டில் கைக்குழந்தை, எதுவாக இருந்தாலும் சரி, சொல்லாமல் போகாதீர்கள். ஒரு நிமிடம் சிஸ்டரிடம் வந்து "நான் போகணும்" என்று சொல்லுங்கள். யாரும் கட்டிப்போடப் போவதில்லை. உங்களை உடனே ஒருமுறை பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்க முடியும். அதுவும் முடியாவிட்டால், எந்த அறிகுறி வந்தால் எந்த நேரமானாலும் திரும்பி வரவேண்டும் என்றாவது சொல்லி அனுப்ப முடியும், 108-ஐ எப்போது கூப்பிடுவது என்றும்.

அப்படியும் சிலர் சொல்லாமல்தான் போவார்கள். அதற்காகத்தான் வாசலில் போன் நம்பரைத் தவறாமல் வாங்கச் சொல்கிறேன். அதுவும் வீட்டில் வைத்துவிட்டு வந்த போனின் நம்பரை வாங்காமல், இப்போது கையில் இருக்கிற போனின் நம்பரை. காலை ஆறு மணிக்கு, சார்ஜ் கொடுப்பதற்கு முன்னால், ரிஜிஸ்டரைத் திறந்து "ஆள் இல்லை" என்று எழுதியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். நான்தான் நேற்று ராத்திரி டூட்டியில் இருந்த சிஸ்டர், நீங்கள் வந்தீர்கள், பார்க்க முடியாமல் போய்விட்டது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும். பாதிப் பேர் தூக்கத்திலிருந்து எழுந்து, பரவாயில்லை என்பார்கள். ஒருவர் ஏன் போனேன் என்று சொல்வார், அதை எழுதிவைத்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்னும் அப்படியேதாங்க இருக்குது" என்பார். "இப்பவே கிளம்பி வாங்க, வந்ததும் என் பேரைச் சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவருடைய பெயரையும் அவர் சொன்னதையும் பகல் ஷிப்டு சிஸ்டர் கையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.